கொரோனா மாத்திரையும் ரத்த நோய் மாத்திரையும் ஒரே வாரத்தில் எடுக்க நேர்ந்தால்

எனக்குப் பாலிசைதீமியா வெரா. எலும்பு மஜ்ஜை அளவில்லாமல் சிவப்பணுக்களை உண்டாக்கி ரத்தத்தைக் கெட்டியாக்கும் நாள்பட்ட ரத்த நோய் அது. இதற்காக ருக்சோலிடினிப் 10 மி.கி. காலையில் ஒன்று, இரவில் ஒன்று எடுக்கிறேன். கூடவே குறைந்த அளவு ஆஸ்பிரின், கொழுப்புக்கு அட்டர்வாஸ்டாட்டின், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். யூரிக் அமிலம் ஏறிக் கால் பெருவிரல் வீங்கும் நாட்களில் மட்டும் கோல்சிசின். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் கொரோனா வந்தது. அதற்குக் கொடுத்த ஐந்து நாள் மாத்திரை இத்தனை மருந்துகளின் கணக்கையும் மாற்றிவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆறு வேளை மருந்து தவறிப்போய், தூக்கமில்லாமல் மூன்று இரவு தவித்து, சரியாக ஒரு மாதம் கழித்துத்தான் பழைய நிலைக்கு வந்தேன். இதே நோயோ இதைப் போன்ற இன்னொரு ரத்த நோயோ உள்ளவர்கள் அந்த மூன்று இரவைத் தவிர்க்கலாம். அதற்காகத்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் நாள் தொண்டை வலி, இரவில் காய்ச்சல். இரண்டாம் நாள் காலையில் வீட்டிலேயே செய்த பரிசோதனையில் இரண்டு கோடு. இங்கே முதல் பாடம்: பரிசோதனை செய்த நாளையோ மருத்துவரைப் பார்த்த நாளையோ முதல் நாள் என்று எண்ணாதீர்கள். அறிகுறி தொடங்கிய நாள்தான் முதல் நாள். பாக்ஸ்லோவிட் என்று எல்லோரும் சொல்லும் நிர்மாட்ரெல்விர், ரிட்டோனாவிர் கூட்டு மருந்தை அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். தடுப்பூசி போடாத, ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வில், மூன்று நாளுக்குள் தொடங்கியவர்களுக்கு மருத்துவமனையில் சேர்வதும் மரணமும் சுமார் 89 சதவீதம் குறைந்தன. ருக்சோலிடினிப் எடுப்பவர்களுக்கு நோய் எதிர்ப்பு மட்டுப்பட்டிருக்கும், தடுப்பூசிக்கு உடம்பு காட்டும் பதிலும் குறைவு. ஆகவே இந்த மருந்து நமக்குத் தேவைதான். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் ஐந்து நாள் என்பது மிகக் குறுகிய காலம். அதற்குள் ரத்த நோய் மருத்துவரைப் பிடித்து, பழைய பரிசோதனைத் தாளைத் தேடி, மருந்துகளை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் காய்ச்சலோடு படுத்துக்கொண்டு செய்ய முடியாது. நல்ல உடம்போடு இருக்கும்போதே செய்து வைத்திருக்க வேண்டிய வேலை அது.

அன்று மதியம் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனேன். பணியில் இருந்த மருத்துவர் பாக்ஸ்லோவிட் எழுதினார். என் மருந்துப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதோட அந்த ரத்த மாத்திரை ஒத்துக்காது, அஞ்சு நாள் நிறுத்திடுங்க, அப்புறம் ஆரம்பிச்சுக்கலாம்" என்றார். மற்றவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒத்துக்கொள்ளாது என்பதை அவர் கவனித்ததே பெரிது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு தவறு இருந்தது. ருக்சோலிடினிப்பைத் திடீரென நிறுத்தச் சொன்னது ஒன்று, மற்ற மாத்திரைகளைப் பற்றிப் பேசாமல் விட்டது இன்னொன்று.

ஏன் ஒத்துக்கொள்ளாது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பாக்ஸ்லோவிட்டில் கொரோனாக் கிருமியை அடக்குவது நிர்மாட்ரெல்விர் மட்டும்தான். அதைத் தனியாகக் கொடுத்தால் கல்லீரல் விரைவில் சிதைத்து வெளியேற்றிவிடும். அதைத் தடுக்கத்தான் ரிட்டோனாவிர். கல்லீரலிலும் குடலிலும் மருந்துகளைச் சிதைக்கும் சைப் 3ஏ4 என்ற நொதியை ரிட்டோனாவிர் முடக்கிப் போடுகிறது. சிக்கல் என்னவென்றால், அந்த நொதி நிர்மாட்ரெல்விருக்கு மட்டும் சொந்தமானதல்ல. நாம் அன்றாடம் எடுக்கும் மருந்துகளில் பலவும் அதே வழியாகத்தான் வெளியேறுகின்றன. வழி அடைபட்டால் அவையும் ரத்தத்தில் தேங்கும். ருக்சோலிடினிப் முக்கியமாக இந்த நொதியால்தான் சிதைகிறது. இதே நொதியைப் பலமாகத் தடுக்கும் கீட்டோகோனசோலுடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது ருக்சோலிடினிப்பின் மொத்த அளவு ரத்தத்தில் 91 சதவீதம் கூடியது. கிட்டத்தட்ட இரட்டிப்பு. 10 மி.கி. விழுங்கினால் 20 மி.கி. விழுங்கிய கணக்கு. பிளேட்லெட்டும் ஹீமோகுளோபினும் வெள்ளணுக்களும் இறங்குவதற்கு அது போதும்.

இரட்டிப்பாகிறது என்றால் பாதியாகக் குறைக்கலாம் என்பதுதான் இயல்பான விடை. மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பிலும் அதுவே இருக்கிறது: பலமான சைப் 3ஏ4 தடுப்பானோடு சேரும்போது ருக்சோலிடினிப் அளவைச் சுமார் 50 சதவீதம் குறைக்க வேண்டும். பாலிசைதீமியாவுக்கு 10 மி.கி. இருவேளை எடுப்பவருக்கு 5 மி.கி. இருவேளை. 5 மி.கி. இருவேளை எடுப்பவருக்கு 5 மி.கி. ஒருவேளை. ஏற்கெனவே நாளுக்கு ஒரே ஒரு 5 மி.கி. எடுப்பவருக்குத்தான் சேர்த்துக் கொடுப்பதைத் தவிர்ப்பதா, நிறுத்தி வைப்பதா என்ற கேள்வி வரும். இந்த எண்களைப் பார்த்து நீங்களே குறைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பிளேட்லெட் எண்ணிக்கை, சிறுநீரக நிலை, எந்த நோய்க்காக எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அளவு மாறும். ரத்த நோய் மருத்துவர் சொல்லித்தான் மாற்ற வேண்டும். ஆனால் யாராவது "முழுசா நிறுத்திடுங்க" என்றால், "பாதியாகக் குறைக்க முடியாதா டாக்டர்?" என்று கேட்கும் அளவுக்கு இந்த எண்கள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்று இரவே நிறுத்திவிட்டேன்.

ருக்சோலிடினிப் உடம்பில் தங்கும் நேரம் குறைவு. பாதி அளவு மூன்று மணி நேரத்தில் போய்விடும். அதனால் நிறுத்தியதும் அது அடக்கி வைத்திருந்த அழற்சி திரும்ப எழும்புகிறது. பழைய அறிகுறிகள் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் திரும்பும் என்பது மருந்துக் குறிப்பிலேயே உள்ள எச்சரிக்கை. சிலருக்குக் கடும் காய்ச்சல், மூச்சுத் திணறல், ரத்த அழுத்தம் சரிவது, உறுப்புகள் செயலிழப்பது வரை போனதுண்டு. நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் வாரத்துக்கு 5 மி.கி. இருவேளை என்ற கணக்கில் படிப்படியாக இறக்க யோசிக்கச் சொல்வது அதனால்தான். கொரோனாவின் முதல் அலையின்போது ஐரோப்பாவில் இந்த வகை ரத்த நோயாளிகள் 175 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, ருக்சோலிடினிப்பைத் திடீரென நிறுத்தியவர்களிடையே மரணம் அதிகமாக இருந்ததையும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதைப் பிற்பாடு படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

எனக்கு மூன்றாம் நாள் இரவு அரிப்பு தொடங்கியது. இந்த நோய் உள்ளவர்களுக்குத் தெரியும், வெந்நீர் பட்டால் தோலுக்கு அடியில் ஆயிரம் ஊசி குத்துவது போன்ற அரிப்பு. மேலே தடிப்போ சிவப்போ இருக்காது, சொறிந்தாலும் அடங்காது. மருந்து ஆரம்பித்த பிறகு அதை மறந்தே போயிருந்தேன். காய்ச்சல் தணிய வெதுவெதுப்பான துணியால் துடைத்ததும் முன்கையிலிருந்து முதுகுவரை அப்படியே திரும்பி வந்தது. நான்காம் நாள் இரவு போர்வையும் தலையணை உறையும் நனையும்படி வியர்வை, 102 டிகிரி காய்ச்சல், இடது விலாவுக்குக் கீழே, மண்ணீரல் இருக்கும் இடத்தில் கனம். இது கொரோனாக் காய்ச்சலா, மருந்து நிறுத்தியதால் வந்ததா என்று பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அரிப்பும் மண்ணீரல் கனமும் கொரோனாவில் சாதாரணமாக வருபவை அல்ல. அவை சேர்ந்து வந்தால் ரத்த நோய் தலைதூக்குகிறது என்று எண்ணி உடனே அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நான் காத்திருந்தேன். பயமாக இருந்தது, ஆனால் யாரைக் கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியாத பயம் அது.

ஐந்தாம் நாள் காலையில் என் ரத்த நோய் மருத்துவர் தொலைபேசியில் கிடைத்தார். கேட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஏன் நிறுத்தினீங்க?" பாக்ஸ்லோவிட்டை முடிக்கச் சொன்னார், ருக்சோலிடினிப்பை 5 மி.கி. இருவேளையாக உடனே தொடங்கச் சொன்னார். இங்கேதான் இன்னொரு முட்டுக்கட்டை. என்னிடம் இருந்தது முழுக்க 10 மி.கி. அட்டைகள். இந்த மாத்திரையில் உடைப்பதற்கான கோடு கிடையாது. கத்தியால் வெட்டினால் ஒரு துண்டு பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் போகும், தூள் உதிரும். எல்லா மருந்துக்கடையிலும் வைத்திருக்கும் மருந்தும் அல்ல இது. 5 மி.கி. அட்டை கைக்கு வந்து முதல் மாத்திரையை விழுங்க அன்று மாலை ஆகிவிட்டது. ஒரு சின்ன அட்டை வீட்டில் முன்கூட்டியே இருந்திருந்தால் இந்த ஒரு பகல் மிச்சமாகியிருக்கும். ருக்சோலிடினிப் எடுப்பவர்கள் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, அவசரத்துக்கு ஒரு வாரத்துக்கான குறைந்த அளவு மாத்திரையைத் தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கொரோனாவுக்கு மட்டுமல்ல, வாய்ப்புண் பூஞ்சைக்கு ஃபுளுகோனசோலோ, தொண்டைத் தொற்றுக்குக் கிளாரித்ரோமைசினோ எழுதப்பட்டாலும் இதே அளவுக் கேள்வி வரும்.

இனி மற்ற மாத்திரைகள். என்னைப் பொறுத்தவரை உயிருக்கு ஆபத்தாக முடிந்திருக்கக்கூடியது ருக்சோலிடினிப் அல்ல, கோல்சிசின். நான்காம் நாள் பெருவிரலில் லேசாக வலி தெரிந்தபோது வழக்கம்போல ஒன்றைப் போடக் கை போனது. களைப்பில் எழுந்திருக்க முடியாமல் விட்டதுதான் என்னைக் காப்பாற்றியது. கோல்சிசின் சைப் 3ஏ4 வழியாகவும், மருந்துகளைச் செல்லிலிருந்து வெளியே தள்ளும் பி-கிளைக்கோபுரோட்டீன் வழியாகவும் வெளியேறுகிறது. ரிட்டோனாவிர் இரண்டையும் அடைக்கும். கோல்சிசின் நச்சு அளவுக்கு ஏறினால் எலும்பு மஜ்ஜை, தசை, இதயம் எல்லாவற்றையும் தாக்கும், முறிவு மருந்தும் கைவசம் கிடைக்காது. சிறுநீரகமோ கல்லீரலோ பழுதுபட்டவர்களுக்குச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்பது விதி. பாலிசைதீமியா, எலும்பு மஜ்ஜையில் தழும்பு படரும் மைலோஃபைப்ரோசிஸ் ஆகிய நோய்கள் உள்ளவர்களுக்குச் செல்கள் அதிகமாக அழிந்து யூரிக் அமிலம் ஏறுவதால் கவுட் என்ற மூட்டு வீக்கம் அடிக்கடி வரும். ஆகவே நம் வீட்டு மருந்துப் பெட்டிகளில் கோல்சிசின் இருப்பது சாதாரணம். தேவைப்படும்போது மட்டும் எடுப்பது என்பதால் மருந்துப் பட்டியலில் எழுத மறந்துவிடுவோம். நானும் எழுதவில்லை, கிளினிக் மருத்துவருக்கு அது தெரிய வழியே இல்லை. பாக்ஸ்லோவிட் தொடங்கும் நாளில் அந்த அட்டையை எடுத்து வேறு அறையில் வைத்துவிடுங்கள். யூரிக் அமிலத்துக்குத் தினமும் எடுக்கும் அலோபியூரினாலுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அது தொடரலாம்.

அட்டர்வாஸ்டாட்டினை மருத்துவர் சொல்லித் தற்காலிகமாக நிறுத்தலாம். கொழுப்பு மாத்திரையைச் சில நாள் விடுவதால் ஒன்றும் ஆகிவிடாது. சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின் எடுப்பவர்களுக்கு விதி கடுமையானது: பாக்ஸ்லோவிட்டுக்குக் குறைந்தது 12 மணி நேரம் முன்பே நிறுத்தி, மருந்து எடுக்கும் ஐந்து நாளும், முடிந்த பிறகு இன்னும் ஐந்து நாளும் தொடக்கூடாது. தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் ஆபத்து உண்டு. அம்லோடிபின் அளவும் ரத்தத்தில் ஏறும். எனக்கு ஐந்தாம் நாள் படுக்கையிலிருந்து எழுந்ததும் கண் இருட்டியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று மருத்துவர் சொன்னார், அளவைப் பாதியாக்கினார். வீட்டில் அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால் காலையும் மாலையும் உட்கார்ந்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு முறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் எடுப்பவர்களுக்கும் இதே தலைசுற்றல் வரும். அல்ஃபுசோசின் என்றால் சேர்த்துக் கொடுக்கவே கூடாது.

ஆஸ்பிரினை மட்டும் பயத்தில் நிறுத்திவிடாதீர்கள். குறைந்த அளவு ஆஸ்பிரினுக்கும் பாக்ஸ்லோவிட்டுக்கும் மோதல் இல்லை. கொரோனாவே ரத்தத்தை உறைய வைக்கும் நோய், நம் நோயும் அப்படியே. இரண்டும் சேர்ந்திருக்கும் வாரத்தில் ஆஸ்பிரின் மிகவும் தேவை. ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க வேறு மாத்திரை எடுப்பவர்கள் கட்டாயம் கேட்டுத்தான் ஆக வேண்டும். ரிவரோக்சபானோடு பாக்ஸ்லோவிட்டைத் தவிர்க்கச் சொல்கிறார்கள், அபிக்சபான் என்றால் பெரும்பாலும் அளவைக் குறைப்பார்கள், வார்ஃபரின் என்றால் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை அடிக்கடி பார்க்க வேண்டும். குளோபிடோகிரெல் எதிர்த்திசையில் போகும். அது உடம்புக்குள் போய் மாறிய பிறகுதான் வேலை செய்யும், ரிட்டோனாவிர் அந்த மாற்றத்தைக் குறைப்பதால் பாதுகாப்பு குறையும். சமீபத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இதை இதய மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். இபுபுரோஃபென் வகை வலி மாத்திரைகள் ஆஸ்பிரினோடு சேர்ந்து வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் சுமைப்படுத்தும்.

வேறு ரத்த நோய் மருந்து எடுப்பவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹைட்ராக்ஸியூரியாவும் இன்டர்ஃபெரானும் இந்த நொதி வழியை நம்பி இல்லாததால் அவற்றோடு பெரிய மோதல் கிடையாது. மைலோஃபைப்ரோசிஸுக்கு ஃபெட்ராடினிப் எடுத்தால் அதன் அளவைக் குறைக்க வேண்டும், பேக்ரிடினிப் என்றால் சேர்க்கவே கூடாது. ரத்தப் புற்றுநோய்க்கு வெனிடோகிளாக்ஸ், இப்ருடினிப் எடுப்பவர்கள் புற்றுநோய் மருத்துவரிடம் பேசாமல் பாக்ஸ்லோவிட்டின் முதல் மாத்திரையையே விழுங்காதீர்கள். அதிலும் வெனிடோகிளாக்ஸ் அளவை ஏற்றிக்கொண்டிருக்கும் வாரங்களில் இது மிகவும் ஆபத்து. நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியாவுக்கான டாசடினிப், நிலோடினிப், போசுடினிப் ஆகியவையும் ரத்தத்தில் ஏறும். வலிப்புக்குக் கார்பமசெபைன், ஃபெனிடோயின் எடுப்பவர்களுக்கும் காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கும் பாக்ஸ்லோவிட்டே பயன்படாது. அவை நொதியைத் தூண்டிவிட்டு, கொரோனா மருந்து வேலை செய்யும் முன்பே அதைத் தீர்த்துவிடும்.

மாத்திரைப் பெட்டியைத் திறந்ததும் பலருக்கும் குழப்பம் வரும். எனக்குக் கிடைத்ததில் ஒரு நாளுக்கு ஒரு அட்டை, காலைக்கு ஒரு பக்கம், மாலைக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் இளஞ்சிவப்பு நிற 150 மி.கி. நிர்மாட்ரெல்விர் இரண்டு, வெள்ளை நிற 100 மி.கி. ரிட்டோனாவிர் ஒன்று. மூன்றையும் ஒரே நேரத்தில், உடைக்காமல், மெல்லாமல் விழுங்க வேண்டும். மொத்தம் பத்து வேளை, முப்பது மாத்திரை. நான் இரவில் தொடங்கியதால் காலைப் பக்கமும் மாலைப் பக்கமும் கலந்துபோய், எதை எடுத்தேன் என்றே மூன்றாம் நாள் தெரியவில்லை. பேனாவால் ஒவ்வொரு பக்கத்திலும் 1 முதல் 10 வரை எண் போட்டுவிட்டால் தொல்லை இல்லை. ஒரு வேளை தவறி எட்டு மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் உடனே எடுக்கலாம். எட்டு மணி நேரம் தாண்டினால் அதை விட்டுவிட்டு அடுத்த வேளைக்குப் போக வேண்டும், இரண்டு வேளையைச் சேர்த்து எடுக்கக் கூடாது.

சிறுநீரகக் கணக்கும் முக்கியம். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் இ-ஜிஎஃப்ஆர் எண் 60க்குக் கீழே, 30 அல்லது அதற்கு மேலே இருந்தால் ஒரு வேளைக்கு இளஞ்சிவப்பு மாத்திரை ஒன்றுதான், வெள்ளை வழக்கம்போல ஒன்று. சாதாரணப் பெட்டியைக் கொடுத்தால் மருந்தாளுநர் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒரு இளஞ்சிவப்பை எடுத்துவிட்டுத்தான் தர வேண்டும். 30க்குக் கீழே என்றால் வேறு கணக்கு, அதை மருத்துவர்தான் போட வேண்டும். ஆகவே கடைசியாகச் செய்த கிரியாட்டினின், இ-ஜிஎஃப்ஆர் எண் உங்கள் கைபேசியில் படமாக இருக்கட்டும். கல்லீரல் கடுமையாகப் பழுதுபட்டவர்களுக்கு இந்த மருந்தே கிடையாது.

முதல் வேளை எடுத்த சில மணி நேரத்தில் சிலருக்கு வாயில் ஒரு கசப்பு வரும், நாணயத்தைச் சப்பியது போல. மருந்து முடியும்வரை அது நீடிக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை. வயிற்றுப்போக்கைத்தான் நாம் கவனிக்க வேண்டும். காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் உடம்பில் நீர் வற்றினால், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹெமட்டோக்ரிட் தானாகவே ஏறும். 45 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க மாதக்கணக்கில் பாடுபட்டது இரண்டே நாளில் கெட்டுப்போகும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும்வரை தண்ணீர் குடியுங்கள். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்கள் மட்டும் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீர் வற்றியிருக்கும்போது எடுத்த ரத்தத்தில் ஹெமட்டோக்ரிட் 48 என்று வந்தால் அதை வைத்து அவசரமாக ரத்தத்தை வெளியே எடுத்துக் குறைக்க வேண்டாம். நீர் சரியான பிறகு மறுபடி பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

படுக்கையிலேயே கிடப்பதும் உறைதலுக்கு வழி. கழிவறைக்குப் போய் வரும் அளவாவது மணிக்கொரு முறை நடங்கள், படுத்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள். ஒரு கால் மட்டும் வீங்குவது, நெஞ்சு வலி, திடீர் மூச்சுத் திணறல், ஒரு பக்கம் மரத்துப் போவது, பேச்சுக் குழறல், விடாத கடும் வயிற்று வலி இவற்றில் எது வந்தாலும் தொலைபேசியில் ஆலோசனை கேட்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வயிற்று வலியை எல்லோரும் மாத்திரையின் தொல்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். இந்த நோயில் கல்லீரல், குடல் சிரைகளில் உறைகட்டி வருவது உண்டு, அதனால் அதைத் தனியாகச் சொல்கிறேன். ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே போனாலும் அப்படித்தான். விரல் குளிர்ந்திருந்தால் கருவி தவறாகக் காட்டும், கையைத் தேய்த்துச் சூடாக்கி ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள்.

ஏழாம் நாள் காலையோடு என் பத்து வேளையும் முடிந்தது. அன்று இரவே 10 மி.கி.க்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அதுவும் தவறாகியிருக்கும். ரிட்டோனாவிர் முடக்கிய நொதி மறுபடி உருவாக இரண்டு மூன்று நாள் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் கூடலாம். கடைசி வேளைக்குப் பிறகு மூன்று நாள் கழித்து, பத்தாம் நாள் இரவு முதல் முழு அளவுக்குப் போகச் சொன்னார் மருத்துவர். அம்லோடிபின், அட்டர்வாஸ்டாட்டினுக்கும் அதே நாள்தான். கோல்சிசினுக்கு அவர் இன்னும் நீண்ட இடைவெளி சொன்னார். ஐந்து நாள் மருந்து என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் மோதல் எட்டு நாளுக்கு நீடிக்கும் என்று நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

பதினொன்றாம் நாள் ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி பரிசோதனை எடுத்தேன். பிளேட்லெட் என் வழக்கமான அளவில் பாதியாக இருந்தது. கொரோனாவாலும் இறங்கும், ருக்சோலிடினிப்பாலும் இறங்கும், எதனால் என்று ஒரே பரிசோதனையில் சொல்ல முடியாது. இரண்டு வாரம் கழித்து எடுத்தபோது ஏறியிருந்தது. ஆகவே ஒன்றுக்கு இரண்டு பரிசோதனைக்குத் தயாராக இருங்கள். பழைய எண்கள் ஒரே தாளில் வரிசையாக இருந்தால் மருத்துவருக்கு ஒப்பிட எளிது.

பன்னிரண்டாம் நாள் மறுபடி தொண்டை வலி, மறுபடி இரண்டு கோடு. அழுதேவிட்டேன். நோய் முடிந்த பிறகு இரண்டு முதல் எட்டு நாளுக்குள் இப்படித் திரும்புவது தெரிந்த விஷயம்தான், மருந்து எடுத்தவர்களுக்கும் வரும், எடுக்காதவர்களுக்கும் வரும். பெரும்பாலும் லேசாகவே போய்விடும். எனக்கு மருந்தில்லாமல் மூன்று நாளில் அடங்கியது. ஆனால் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்குக் கிருமி உடம்பில் கூடுதல் நாள் தங்கலாம் என்பதால் மருத்துவரிடம் சொல்லாமல் விடாதீர்கள். அந்த நாட்களில் மறுபடி தனிமையில்தான் இருக்க வேண்டும்.

பாக்ஸ்லோவிட் சரிப்படாதவர்களுக்கு வேறு வழி உண்டு. ரெம்டெசிவிரை மூன்று நாள் ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவார்கள், முதல் நாள் 200 மி.கி., அடுத்த இரண்டு நாள் 100 மி.கி. வீதம். அறிகுறி தொடங்கி ஏழு நாளுக்குள் ஆரம்பிக்கலாம், ருக்சோலிடினிப்போடு இப்படி மோதாது. மூன்று நாள் தொடர்ந்து போய் வரும் சிரமம்தான். தொடங்கும் முன் கல்லீரல் பரிசோதனையும் ரத்தம் உறையும் நேரமும் பார்ப்பார்கள். மோல்னுபிராவிர் 200 மி.கி. கேப்சூல் நான்கு வீதம் இருவேளை, ஐந்து நாள். இதற்கும் நொதி மோதல் இல்லை, ஆனால் பலன் குறைவு: ஆய்வில் சுமார் 30 சதவீதம்தான். கர்ப்பிணிகளுக்கும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் கூடாது. மருந்து முடிந்து பெண்கள் நான்கு நாளும் ஆண்கள் மூன்று மாதமும் கருத்தடை முறையைக் கடைப்பிடிக்க வேண்டும். ஆக்சிஜன் குறையாத நிலையில் யாராவது டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை எழுதினால் எதற்கென்று கேளுங்கள். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்பது 2020இலேயே தெரிந்துவிட்டது.

இப்போது என் மருந்துப் பெட்டியின் மூடிக்குள் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. என் நோயின் பெயர், எல்லா மருந்துகளும் அவற்றின் அளவும், எப்போதாவது எடுக்கும் கோல்சிசின் உட்பட. அவற்றுக்கு நேரே என் மருத்துவர் தன் கையால் எழுதித் தந்த குறிப்பு: எது பாதி, எது நிறுத்தம், எது தொடரும், எந்த நாளில் திரும்பும். கீழே அவருடைய எண்ணும், அவர் கிடைக்காவிட்டால் அழைக்க வேண்டிய எண்ணும். கடைசி இ-ஜிஎஃப்ஆரும் பிளேட்லெட்டும் தேதியோடு பென்சிலால் எழுதியிருக்கிறேன், ஒவ்வொரு பரிசோதனைக்குப் பிறகும் அழித்து மாற்றுவதற்காக. இந்தத் தாளை எழுதி வாங்க மருத்துவரிடம் பத்து நிமிடம்தான் பிடித்தது. அதன் பக்கத்திலேயே பதினான்கு மாத்திரை கொண்ட 5 மி.கி. அட்டை ஒன்று இருக்கிறது. அதன் காலாவதி மாதத்தைத் தாளின் மேல் மூலையில் சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கிறேன்.